போர்வெல் தண்ணீரில் யுரேனியம்: நானோ பொடி எங்கே பிடிக்கும், எங்கே கைவிடும்?

நானோ பொடியைப் போட்டால் தண்ணீரில் இருக்கும் யுரேனியம் 99 சதவீதம் போய்விடும் என்ற வகைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. இன்னொரு பக்கம், இந்த மாநிலத்து நிலத்தடி நீரில் யுரேனியம், அந்த மாவட்டத்தில் அளவு மீறல் என்றும் படிக்கிறோம். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் சேலம் மாவட்டத்து ஓமலூர்க்காரருக்கோ சங்ககிரிக்காரருக்கோ இரண்டு கேள்விகள் எழும். எங்கள் போர்வெல்லில் அது இருக்குமா? இருந்தால் அந்தப் பொடியை வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

முதல் கேள்விக்குப் பரிசோதனைக்கூடம்தான் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்கான பதில், பொடியைவிட நம் தண்ணீரைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. ஆய்வுக்கூடத்துக் காய்ச்சி வடித்த நீரில் அபாரமாக வேலை செய்யும் பொருள், சேலத்து உப்புத் தண்ணீரில் பாதி வேலைகூடச் செய்யாமல் போகலாம். ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சுரங்கமே இல்லாத ஊரில் யுரேனியம் எப்படி?

யுரேனியம் என்றதும் ஜார்க்கண்டின் ஜாதுகுடாவும் ஆந்திராவின் தும்மலப்பள்ளியும் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் அது தாதுவாகக் கிடைக்கிறது. ஆனால் சாதாரணக் கிரானைட்டிலும் டன்னுக்குச் சுமார் 3 முதல் 5 கிராம் வரை யுரேனியம் இருப்பது இயல்பு. கடினப்பாறைப் பகுதியில் தண்ணீர் பாறை இடுக்குகளில்தான் நிற்கிறது. எவ்வளவு காலம் நிற்கிறதோ அவ்வளவுக்கு அது பாறையைக் கரைக்கும்.

சேலம் மாவட்டம் பாறை விஷயத்தில் ஒரே மாதிரியானது அல்ல. ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலை சார்னோகைட் பாறையால் ஆனது. நிலத்தின் ஆழத்தில், பெரும் வெப்பத்தில் உருமாறிய இந்த வகைப் பாறைகள் தம்மிடம் இருந்த யுரேனியத்தில் பெரும்பகுதியை அப்போதே இழந்துவிடுவது வழக்கம். அதற்கு மேலே பாக்சைட் மண். மழை பெய்து சில காலத்திலேயே ஊற்றாக வெளிவரும் மலைத் தண்ணீர் பொதுவாக மென்மையானது, உப்புக் குறைந்தது. மலையிறங்கினால் கதை மாறுகிறது. சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் கிரானைட்டும், பெரிய படிகங்கள் கொண்ட அதன் உறவான பெக்மடைட்டும். கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட் என்ற மக்னீசியம் கார்பனேட். இங்கெல்லாம் 600 அடி, 800 அடி, 1,000 அடி என்று போர் இறங்குகிறது. நாடு முழுக்க ஓடும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடுதான் தாயகம் என்பதால், ஆழத்துக்குப் போவது இந்த வட்டாரத்தில் யாருக்கும் பெரிய விஷயமாகத் தோன்றுவதில்லை. ஆனால் ஆழம் கூடக்கூடத் தண்ணீர் பாறையோடு பழகிய காலமும் பெரும்பாலும் கூடுகிறது.

பாறையில் இருக்கும் யுரேனியம் எல்லாம் தண்ணீருக்கு வந்துவிடாது. யுரேனியம் இரண்டு முக்கிய நிலைகளில் இருக்கும். நான்காம் நிலையில் அது கிட்டத்தட்டக் கரையாத திடப்பொருள். ஆக்சிஜனோ நைட்ரேட்டோ பட்டு ஆறாம் நிலைக்கு மாறினால், ஒரு யுரேனியம் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த யுரேனைல் என்ற நேர்மின் அயனியாகிக் கரைந்துவிடும். நிலத்தடி நீர்மட்டம் இறங்க இறங்க, அதுவரை நீரில் மூழ்கிக் கிடந்த பாறையில் காற்று படுகிறது. வயலில் கொட்டும் யூரியாவும் கழிவுநீரும் நைட்ரேட்டாகிக் கீழே இறங்குகின்றன. இரண்டுமே யுரேனியத்தைக் கரையும் நிலைக்குத் தள்ளுபவை. ஆக, பாறை இயற்கையானது என்றாலும் அதிலிருந்து யுரேனியம் வெளியேறுவதில் நம் கைவேலையும் இருக்கிறது.

30 சரியா, 60 சரியா?

செய்திகளில் குழப்பம் கூடும் இடம் இது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்திலும் இதே 30 இப்போது சேர்ந்திருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருந்த அளவு 60. ஒரே நாட்டில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம், இரண்டும் இரண்டு ஆபத்துகளைக் கணக்கில் எடுத்தவை. 60 என்பது கதிர்வீச்சைப் பார்த்து வைத்தது. 30 என்பது சிறுநீரகத்தைப் பார்த்து வைத்தது.

இயற்கை யுரேனியத்தின் கதிரியக்கம் மிக மெதுவானது. அதில் 99 சதவீதத்துக்கு மேல் இருக்கும் யுரேனியம்-238, தன்னில் பாதி சிதைவதற்கே சுமார் 450 கோடி ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். குடிநீரில் இருக்கும் அளவில், கதிர்வீச்சுக்கு முன்னால் கவலைப்பட வேண்டியது அதன் வேதியியல் நச்சுத்தன்மையைத்தான். குடித்ததில் 1 முதல் 2 சதவீதம்தான் குடல் வழியே ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்தது ரத்தத்தில் உள்ள பைகார்பனேட்டோடு இணைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. அங்கே சிறுநீர் அமிலமாகும் இடத்தில் அந்தப் பிணைப்பு உடைய, விடுபட்ட யுரேனைல் சிறுநீரக நுண்குழாய்ச் செல்களில் ஒட்டிக்கொள்கிறது. பாதிப்பு தொடங்குவது அங்கேதான். குளிக்க, துணி துவைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்துவதில் கவலைப்பட எதுவும் இல்லை, தோல் வழியாக அது சொல்லிக்கொள்ளும்படி உள்ளே போவதில்லை. கவனிக்க வேண்டியது குடிக்கும் தண்ணீரும் சமைக்கும் தண்ணீரும். கொதிக்க வைப்பது உதவாது. தண்ணீர் ஆவியாகும், யுரேனியம் பாத்திரத்திலேயே நிற்கும், செறிவு கூடும்.

எண்களும் நிலையானவை அல்ல. உலக சுகாதார அமைப்பே 1998-ல் 2 என்று வைத்து, 2004-ல் 15 ஆக்கி, 2011-ல் 30 ஆக்கியது. மனிதர்களிடம் கிடைத்த தரவு கூடியபோது எண் நகர்ந்தது. ஆகவே 32 வந்தால் விஷம், 28 வந்தால் அமுதம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பரப்புக் கவர்தல் என்றால் என்ன, நானோ எதற்கு?

பஞ்சு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். ஒரு பொருளின் மேற்பரப்பில் மட்டும் வேறொரு பொருள் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். இங்கே நடப்பது இரண்டாவது. ஒட்டும் வேலை முழுக்க மேற்பரப்பில் நடப்பதால், பரப்பு கூடினால் பிடிக்கும் இடமும் கூடும்.

கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாது மாக்னடைட். நானோ ஆய்வுகளில் அதிகம் பயன்படும் பொருள்களில் அதே கனிமமும் ஒன்று, அங்கே அதைச் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். ஒரு கிராம் மாக்னடைட்டை ஒரு மில்லிமீட்டர் துகள்களாக்கினால் மொத்த மேற்பரப்பு சுமார் 11 சதுர சென்டிமீட்டர். அதே ஒரு கிராமை 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) துகள்களாக்கினால் சுமார் 115 சதுர மீட்டர். நம் கணக்கில் 1,240 சதுர அடி, ஒரு நல்ல வீட்டின் தரைப்பரப்பு ஒரு கிராம் பொடியில். நானோ என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் முதல் காரணம் இதுதான்.

ஆய்வுகளில் வரும் பொருள்களை அவை வேலை செய்யும் விதத்தால் பிரிப்பது நல்லது.

1. இரும்பு, டைட்டானியம் ஆக்சைடு நானோ துகள்கள். மேற்பரப்பில் உள்ள ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தொகுதிகளில் யுரேனைல் ஒட்டுகிறது. மாக்னடைட்டாக இருந்தால் வேலை முடிந்ததும் காந்தத்தால் பொடியைத் திரும்ப எடுக்கலாம்.

2. நானோ உலோக இரும்பு. இது ஒட்டவைப்பதோடு நிற்காது. எலக்ட்ரானைக் கொடுத்து, கரைந்த ஆறாம் நிலை யுரேனியத்தைக் கரையாத நான்காம் நிலைக்குத் திருப்புகிறது. நானோ அல்லாத சாதாரண இரும்புத் துகளை வைத்து இதே உத்தியை 1997-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஃபிரை கேன்யன் என்ற பழைய யுரேனிய ஆலை இடத்தில், நிலத்தடி நீர் ஓடும் வழியில் புதைத்துப் பார்த்தார்கள். எலும்புக்கரிப் பாஸ்பேட், இரும்பு ஆக்சைடு, உலோக இரும்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில் உலோக இரும்புதான் முந்தியது. ஆனால் நிலத்துக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு. வீட்டு ஃபில்டரில் காற்று பட்டால் இரும்பு துருப்பிடிக்கும், பிடித்த யுரேனியமும் மறுபடி கரையலாம்.

3. கிராஃபீன் ஆக்சைடு என்ற மிக மெல்லிய கார்பன் தாள்கள், உலோகமும் கரிம மூலக்கூறுகளும் இணைந்த நுண்துளைப் பொருள்களான உலோக-கரிமச் சட்டகங்கள். கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் பிடித்தது என்ற பெரிய எண்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்திலிருந்து வருபவை.

4. அமிடாக்சைம் தொகுதி பொருத்திய இழைகள். கடலிலிருந்து யுரேனியம் எடுக்கவென்றே உருவானவை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 3.3 மைக்ரோகிராம் யுரேனியம் இருக்கிறது. இவை நம் கதைக்கு ஏன் முக்கியம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

பைகார்பனேட் என்ற தடை

காய்ச்சி வடித்த நீரில், அமிலத் தன்மை லேசாக இருக்கும்போது, யுரேனைல் நேர்மின் அயனியாகத் தனியாகத் திரிகிறது. கவரும் பொருளின் பரப்பில் உள்ள ஆக்சிஜன் அதை எளிதாகப் பிடிக்கும். பல ஆய்வுகள் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-லிருந்து 6 வரை நல்ல முடிவு காட்டுவது அதனால்தான்.

நம் சமவெளிப் போர் தண்ணீரோ வேறு ரகம். பிஎச் பெரும்பாலும் 7-க்கு மேல். பைகார்பனேட் லிட்டருக்குச் சில நூறு மில்லிகிராம். கால்சியம், மக்னீசியம் தாராளம், குண்டானின் அடியில் வெள்ளையாகப் படிவதும் ஹீட்டர் கம்பியில் கட்டிப்போவதும் அதுதான். இந்தத் தண்ணீரில் யுரேனைல் தனியாக இருக்காது. இரண்டு அல்லது மூன்று கார்பனேட்டுகள் அதைச் சூழ்ந்துகொள்ளும். நேர்மின் அயனியாக இருந்தது இப்போது எதிர்மின் அயனி. அதன்மேல் கால்சியம் இரண்டு வந்து சேர்ந்தால் மின்சுமையே இல்லாத, மிக நிலையான ஒரு கூட்டு உருவாகும். மக்னீசியமும் இதே வேலையைக் கொஞ்சம் பலம் குறைவாகச் செய்யும். அதே நேரத்தில் பிஎச் கூடும்போது இரும்பு ஆக்சைடு போன்ற பொருள்களின் பரப்பு எதிர்மின் பக்கம் சாய்கிறது. எதிர்மின் பரப்பு எதிர்மின் அயனியைத் தள்ளும், மின்சுமையற்றதை இழுக்காது. பொடி அதே பொடிதான், பிடிபட வேண்டியது வேடம் மாற்றிக்கொண்டுவிட்டது.

எண்ணாகப் பார்ப்போம். ஒரு போரில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் யுரேனியமும் 400 மில்லிகிராம் பைகார்பனேட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அயனிகளை எண்ணினால், ஒரு யுரேனைலுக்கு எதிரே சுமார் 26,000 பைகார்பனேட். பொடியின் பரப்பில் உள்ள இடத்துக்கும் அவையே போட்டி.

இந்த வேதியியல் எவ்வளவு பலமானது என்பதற்குச் சான்று தும்மலப்பள்ளி ஆலை. அங்கே தாதுவிலிருந்து யுரேனியத்தைக் கரைத்தெடுக்கப் பயன்படுத்துவதே சோடியம் கார்பனேட், பைகார்பனேட் கரைசல்தான். கவரும் பொருளில் ஒட்டிய யுரேனியத்தைக் கழற்றி, பொருளை மறுபடி பயன்படுத்தவும் ஆய்வாளர்கள் கார்பனேட் கரைசலைக் கையாள்கிறார்கள். யுரேனியத்தைக் கழற்றும் மருந்து நம் தண்ணீரிலேயே கலந்திருக்கும்போது ஒட்டவைப்பது எவ்வளவு சிரமம் என்று பாருங்கள்.

கடலிலும் கார்பனேட்டும் கால்சியமும் உண்டு. அமிடாக்சைம் இழை அந்தப் பிணைப்பை உடைத்து யுரேனியத்தைப் பிடிக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. அப்படியும் கடலில் பல வாரங்கள் ஊறிய பிறகு அது பிடிப்பது கிராமுக்குச் சில மில்லிகிராம்தான். ஆய்வுக்கூட 200-ஐயும் இந்தச் சில மில்லிகிராமையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இயற்கைத் தண்ணீர் எவ்வளவு தூரம் ஆட்டத்தை மாற்றுகிறது என்பது புரியும்.

இன்னொன்று. ஏற்காட்டு ஊற்று நீர் போன்ற மென்மையான தண்ணீரில் ஒரு பொருள் நன்றாக வேலை செய்தது என்றால், அதை வைத்து ஓமலூர்ச் சமவெளிக்கு முடிவு கட்ட முடியாது. இரண்டு ஊருக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான், தண்ணீர் வேறு.

செய்தியில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

1. 99 சதவீதம், எதிலிருந்து? ஆய்வுகளில் தொடக்கச் செறிவு லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் என்று இருப்பது சகஜம். 100 மில்லிகிராமில் 99 சதவீதம் போனால் மிச்சம் 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். குடிநீர் வரம்பைப் போல 33 மடங்கு. சதவீதம் அழகாக இருக்கிறது, தண்ணீர் குடிக்க லாயக்கில்லை. கேட்க வேண்டியது, 60-ல் தொடங்கி 30-க்குக் கீழே வந்ததா என்பதைத்தான்.

2. கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது உச்ச கொள்ளளவு. தண்ணீரில் யுரேனியம் தாராளமாக இருந்து, பரப்பு முழுக்க நிரம்பும்போது கிடைப்பது. செறிவு குறைந்தால் அந்த உச்சத்தை எட்டவே எட்டாது.

3. எந்தத் தண்ணீர்? பைகார்பனேட், கால்சியம், பிஎச் மூன்றும் சொல்லப்படவில்லை என்றால் நம் ஊருக்கு அந்த எண்ணால் பயன் இல்லை.

4. பொடியா, மணியா? குடுவையில் பொடியைக் கலக்கி வடிகட்டுவது வேறு, குழாயில் அடைத்த பொருள் வழியே தண்ணீர் ஓடுவது வேறு. நானோ பொடியை அப்படியே அடைத்தால் அடைத்துக்கொள்ளும், அல்லது தண்ணீரோடு வெளியே வரும். இதற்குத் தீர்வு நானோ அமைப்பை மணிகளுக்குள் பொதிப்பது. ஆர்சனிக்கை நீக்கச் சென்னை ஐஐடி-யில் டி. பிரதீப் குழு உருவாக்கிய இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு–கைட்டோசான் மணிகள் அப்படிப்பட்டவை. நானோ பொருள் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வந்ததற்கு நம் மாநிலத்திலேயே உள்ள நல்ல முன்மாதிரி அது.

பிடித்த பிறகு பொடியை என்ன செய்வது?

என் கவலை அதிகம் இருப்பது இங்கேதான், செய்திகள் அதிகம் பேசாததும் இதைத்தான். பரப்புக் கவர்தல் யுரேனியத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 10 லிட்டர், அதில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 219 மில்லிகிராம் யுரேனியம் ஃபில்டரில் சேரும். பொருள் கிராமுக்கு ஒரு மில்லிகிராம்தான் பிடிக்கிறது என்றால் 200 கிராமுக்கு மேல் தேவை. அந்தக் கழிவில் யுரேனியம்-238-ன் கதிரியக்கம் மட்டும் கிராமுக்கு 12 பெக்கரல் (நொடிக்கு ஒரு அணு சிதைந்தால் ஒரு பெக்கரல்) அளவுக்கு வரும். இயற்கைக் கதிரியக்கப் பொருள்களுக்குப் பன்னாட்டு அணுசக்தி முகமை வைத்திருக்கும் விலக்கு அளவு கிராமுக்கு 1 பெக்கரல். 200 மில்லிகிராம் பிடிக்கும் அற்புதப் பொருளாக இருந்தால் கழிவு ஒரு கிராமாகச் சுருங்கும், ஆனால் அந்த ஒரு கிராமில் 2,700 பெக்கரல். பொருள் எவ்வளவு நல்லதோ, அதன் கழிவு அவ்வளவு செறிவானது.

ஒரு வீட்டுக்கு இது பயப்பட வேண்டிய அளவு அல்ல. ஆனால் நாளைக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஊர்த் தொட்டிக்கு இதே கணக்கைப் போட்டால் ஆண்டுக்கு 2 கிலோவுக்கு மேல் யுரேனியம் சேரும். அதைக் குப்பை வண்டியில் ஏற்ற முடியாது, ஏரிக்கரையில் கொட்டவும் முடியாது.

சேலத்தில் நடைமுறைக்கு எது?

வீட்டு ஆர்.ஓ. யுரேனியத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நீக்கும். 3 லிட்டரில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீராக வந்தால், வெளியேறும் 2 லிட்டரில் செறிவு சுமார் ஒன்றரை மடங்காகும். அதைத் துவைக்க, கழுவப் பயன்படுத்தலாம். வெறும் கேண்டில், கார்பன் ஃபில்டரை யுரேனியத்துக்கு நம்ப வேண்டாம். ஊர் அளவில், தண்ணீரில் உள்ள எதிர்மின் அயனியைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு வேறொன்றை விடும் பிசின் மணிகள், அதாவது எதிர்மின் அயனிப் பரிமாற்ற ரெசின், இன்று தேறிய தொழில்நுட்பம். நானோ பொருளுக்கு எதிரியான அந்தக் கார்பனேட் பிணைப்பே இங்கே துணை, ரெசின் குறிவைப்பது அந்த எதிர்மின் வடிவத்தைத்தான்.

ஆனால் நம் மாவட்டத்துக்கு இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஃபுளோரைடால் பட்ட பாட்டுக்கு ஊர் ஊராக ஃபில்டர் வைத்துத் தீர்வு காணவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். சேலத்துக்கு மேட்டூர் இருக்கிறது. காவிரிக் குழாய் எட்டும் ஊரில் போர் தண்ணீரைக் குடிக்காமல் விடுவதே முதல் சிகிச்சை. முழுக்கக் கிடைக்காத ஊரில், 50 காட்டும் போர் தண்ணீரோடு யுரேனியம் மிகக் குறைந்த ஆற்று நீரைப் பாதிக்குப் பாதி கலந்தாலே அளவு 30-க்குக் கீழே இறங்கும். கழிவும் இல்லை.

குழாய் எட்டாத இடங்களுக்குத்தான் கவரும் பொருள். அங்கே ஒரு போரைச் சோதிக்கக் கொடுக்கும்போது யுரேனியம் மட்டும் கேட்காமல் பைகார்பனேட், கால்சியம், மக்னீசியம், நைட்ரேட், ஃபுளோரைடு, பிஎச் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும், மழைக்குப் பிறகு ஒரு முறை, கோடையில் ஒரு முறை. பக்கத்து வீட்டுப் போரின் முடிவு நம் போருக்குச் செல்லாது, பாறை இடுக்கு வேறாக இருக்கலாம். பொருளை விற்க வருபவரிடம் அந்த ஊர்த் தண்ணீரையே கொடுத்து, குழாயில் அடைத்த பொருளின் வழியே ஓடவிட்டு, வெளியே வரும் தண்ணீர் 30-ஐத் தொடும்வரை எத்தனை லிட்டர் கிடைத்தது என்று காட்டச் சொல்ல வேண்டும். விலை பேசுவது அந்த லிட்டர் கணக்கை வைத்து. செலவான பொருளை யார் எப்போது எடுத்துப் போவார்கள், எங்கே சேர்ப்பார்கள் என்பதும் அதே ஒப்பந்தத்தில் எழுத்தில் வந்த பிறகுதான் கையெழுத்து.